வாளையார் துடிப்பு

வாளையார்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள பத்மப்ரியாவுக்கு,

மருதாத்தாள் எழுதுவது. போன வாரம் எங்கள் எடை மேடையில் ஏறி இறங்கிய லாரிகள் 1,204. மெஷின் துப்பிய தினசரிப் பட்டியலையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் ஆராய்ச்சிக் கழகத்துக்கு இது போதும் என்று தெரியும். ஆனால் புதிதாக அனுப்பிய படிவத்தின் அடியில் 'களக் குறிப்பு' என்று ஒரு கட்டம் விட்டிருக்கிறீர்களே, அது யாருடைய தப்பு? நாலு வரிக்குள் எழுத வேண்டுமாம். நாலு வரியில் நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் பாலக்காட்டுக் காலேஜில் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நான் புள்ளியியல் பேப்பரில் ஏன் தோற்கிறேன்? விடைக்கு வழி தெரியாமல் கேள்வித்தாள் அச்சடித்தவரின் குடும்ப நிலவரத்தைப் பற்றி இரண்டு பக்கம் ஊகித்து எழுதியவள் நான்.

அந்தப் படிவத்தில் என் பெயர் இல்லை. 'ஆசிய பசிபிக் களக் கணக்கர், எண் 17' என்று இருக்கிறது. அதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் செங்கோட்டையன் லாரி கழுவிய கையோடு நின்று கேட்டுவிட்டு, "அப்ப இனிச் சோறாக்கறது ஆரு, பதினெட்டாம் நம்பரா?" என்றார். எலப்புள்ளி வீட்டில் இருந்துகொண்டு ஆசியாவைத் தாங்குவது எளிதில்லை அம்மிணி.

ஊர்ச் செய்தி: எதிர்ச்சாரியில் எடை மேடை வைத்திருக்கும் குப்பண்ணன் மீசைக்கு மை அடித்திருக்கிறார். மை மீசையோடு நிற்கவில்லை, மேலுதடும் கறுப்பு. அவருடைய கேமரா ஒன்று என் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் எண் 18 அவருக்குக் கொடுத்துவிடாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெங்காய லாரியும் கோழி லாரியும் என் மேடையில் ஏறினால், அதை வைத்து ஆசியா வளர்கிறதா தேய்கிறதா என்று நிஜமாகவே சொல்லிவிடுவீர்களா?

மருதா


சிங்கப்பூர்
28 செப்டம்பர் 2025

மருதா,

உன் களக் குறிப்பை இங்கே மொழிபெயர்க்கிற பெண் 'மேலுதடு' வரைக்கும் வந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இது எந்தத் துறையின் குறியீடு என்று கேட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு நாடு இந்தக் காலாண்டில் எவ்வளவு வளர்ந்தது என்று அந்த அரசு சொல்வதற்குள் அடுத்த காலாண்டு முடிந்துவிடும். சந்தையில் பணம் போடுகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் நாங்கள் பதினாலு நாடுகளில் நாற்பத்தொரு வாசல்களைத் தேர்ந்தெடுத்தோம். இந்தோனேசியாவில் ஒரு துறைமுகக் கேட், வியட்நாமில் ஒரு மீன் சந்தை, அப்புறம் உன் மேடை. சரக்கு எங்கே நகர்கிறதோ அங்கே வளர்ச்சி. இதுதான் எங்கள் நம்பிக்கை.

இப்போது நான் எழுதப்போவதை யாரிடமும் சொல்லாதே. சொல்லாதே என்று உன்னிடம் சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாதே. உன் எண்களில் ஒரு துடிப்பு இருக்கிறது. சாதாரண நாளில் நூற்று முப்பது, நூற்று நாற்பது வண்டி. இருபத்தொன்பது அல்லது முப்பது நாளைக்கு ஒருமுறை அது நானூறுக்குத் தாவுகிறது. ஜூலை 24, ஆகஸ்ட் 22, செப்டம்பர் 21. நடுவில், பதினைந்து நாள் கழித்து, ஒரு குட்டித் தாவல். நீ எண்ணி அனுப்புகிற இந்த இரண்டரை வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறவில்லை. கிழக்காசியாவில் இரண்டு மூன்று பங்குச் சந்தைகளில் சின்ன வியாபாரிகள் வாங்குவதும் இதே நாட்களை ஒட்டி அசைகிறது. எங்கள் டைரக்டர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். அவர் சாப்பாட்டை மறக்கிறவர் இல்லை.

முப்பது நாளுக்கு ஒருமுறை வாளையாருக்கு என்ன வருகிறது? விசாரித்துச் சொல். காரணம் தெரியாத ஒன்று மேஜைமேல் கிடந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது, தெரியுமோல்லியோ.

பத்மா


வாளையார்
5 அக்டோபர் 2025

பத்மா,

ஆராய்ச்சி என்பது இவ்வளவு சுகமான தொழில் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இன்னொரு தடவை பரீட்சை எழுதியிருப்பேன். ஊரில் போகிற வருகிறவனை நிறுத்திக் கேள்வி கேட்கலாம், யாரும் வம்பு என்று சொல்ல முடியாது.

சிமெண்ட் லாரிக்காரர்களைக் கேட்டேன். மாதக் கடைசியில் இத்தனை லோடு அனுப்பியாக வேண்டும் என்று கம்பெனியில் நெருக்குவார்களாம். கஞ்சிக்கோட்டு இரும்புப் பட்டறைக்காரர் ஒருவர், மாதம் ஒருமுறை உலையை நிறுத்திச் சுத்தம் செய்வோம், அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் ஏற்றிவிடுவோம் என்றார். சித்தூர்க் கள்ளு வண்டிக்காரரைக் கேட்டபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏனுங்க்கா, எக்ஸைஸ்ல சேந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த இரண்டு நாளாக என் மேடைக்கு வரவில்லை. ஆசியாவின் வளர்ச்சியில் ஒரு வண்டி குறைந்ததற்கு நானே பொறுப்பு.

மாதக் கடைசி, உலை, கள்ளு. மூன்று காரணம். எது வேண்டுமோ எடுத்துக்கொள். போன வாரம் வண்டி 956.

கள ஆராய்ச்சியாளர் மருதாத்தாள்
(நானே கொடுத்துக்கொண்ட பதவி)


சிங்கப்பூர்
12 அக்டோபர் 2025

மருதா,

மூன்றும் நிற்காது. மாதக் கடைசி முப்பதாம் தேதியில் நிற்கும், உலையும் ஒரு தேதியில் நிற்கும். இந்தத் துடிப்பு நிற்கவில்லை, நகர்கிறது. வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடுகிறது. கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று தெரியாமல் போகுமா? நிலா. பெரிய தாவல் அமாவாசை, சின்னது பௌர்ணமி.

எனக்குப் புரியாதது அதற்கு மேலேதான். எங்காத்தில் அமாவாசை தர்ப்பணம் பண்ணுகிற நாள். நம்மைச் சுற்றி இருக்கிற மலையாளிகளும் கறுத்த வாவு அன்றைக்கு எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார்கள். வாளையாரில் வண்டி குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? உள்ளூரில் காரணம் இல்லையென்றால் வெளியிலிருந்துதான் வரவேண்டும். சீன மாதம் பிறப்பதும் அமாவாசையை ஒட்டித்தான். அந்தப் பக்கத்து வியாபாரிகளின் ஆர்டர், கப்பல், கொச்சித் துறைமுகம், அங்கிருந்து நெடுஞ்சாலை, உன் மேடை. டைரக்டருக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. தென்சீனக் கடலில் அடிக்கிற நாடி பாலக்காட்டுக் கணவாயில் கேட்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

டிசம்பர் 4 அன்று பெரிய கூட்டம். பல நாட்டு மத்திய வங்கிகள், முதலீட்டு நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான்தான் பேசுகிறேன். என் மூன்று வருஷ ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. இந்தத் துடிப்பு கூட்டத்தில் எடுபட்டால் இன்னும் மூன்று வருஷம். இல்லாவிட்டால் வேலையும் இல்லை, விசாவும் இல்லை, முப்பது நாளில் பெட்டி கட்ட வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் என்னை வேறு எவர் கூப்பிடப்போகிறார்? கொச்சியிலிருந்து வருகிற வண்டிகள் அமாவாசை அன்று எவ்வளவு என்று மட்டும் பார்த்துச் சொல்.

பத்மா


வாளையார்
19 அக்டோபர் 2025

பத்மா,

வண்டி 948. நாளைக்குத் தீபாவளி. முறுக்கு மாவில் தண்ணீர் கூடிவிட்டது, அதனால் இந்தக் கடிதம் சுருக்கம்.

சீனா வரைக்கும் போக வேண்டுமா என்று யோசித்தேன். சித்த பக்கத்திலேயே தேடிப் பார்த்தால் என்ன? நம்ம கிழக்குப் பக்கத்துத் தமிழர்களுக்கு அமாவாசை என்றால் நிறைந்த நாள். புது வண்டி எடுப்பதும் அன்றைக்குத்தான், டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பதும் அன்றைக்குத்தான், நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்துப் பின்னால் பைக்கில் வருகிறவனை வழுக்கிவிழச் செய்வதும் அன்றைக்குத்தான். உங்கள் தெருவில் இது தெரியாமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். ஒரு பொம்பளை ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொள். அது அவள் கைமீறிப் போய்விட்டது. உங்கள் ஆராய்ச்சியில் அதற்கு ஏதாவது பெயர் உண்டா?

மாவு அழைக்கிறது.

மருதா


சிங்கப்பூர்
26 அக்டோபர் 2025

மருதா,

முறுக்கு என்ன ஆச்சு? இருபதாம் தேதி உன் மேடையில் 431 வண்டி. தீபாவளியன்று. நான் ஆபீஸில் எழுந்து நின்று கைதட்டினேனாக்கும். பூசணிக்காய் விஷயத்தை டைரக்டரிடம் சொன்னேன். பூசணிக்காய் உடைக்கிறவர்கள் எப்படியும் அந்த ரோட்டில் போகிறவர்கள்தானே, அதனால் வண்டி மூன்று மடங்கு ஆகுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் சீனாதான்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. 'வாளையார் துடிப்பு: ஆசிய பசிபிக் வளர்ச்சிக்கு ஒரு முன்னறிகுறி.' பெயர் டைரக்டர் வைத்தது. ஒன்பதாவது படத்தில் உன் எடை மேடை. நீ அனுப்பிய போட்டோவில் ஓரத்தில் உன் முழங்கை தெரிகிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பெயர் இருக்கிறதா என்று தெரியவில்லை. யார் அந்தப் பொம்பளை? குப்பண்ணன் வீட்டிலா?

பத்மா


வாளையார்
30 அக்டோபர் 2025

பத்மா,

அந்தப் பொம்பளை குப்பண்ணன் வீட்டில் இல்லை. அவள் முழங்கை உன் ஒன்பதாவது படத்தில் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் குப்பண்ணன் எதிரே மேடை திறந்தார். சிவப்பு எழுத்து ஓடுகிற போர்டு, டிரைவருக்கு ஓசி டீ. ஒரே மாதத்தில் என் மேடையில் ஆடுதான் ஏறி நின்றது. ஓர் அமாவாசை அன்று ஒரு டிரைவர் என் வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. "அமாவாசையில இந்த மேடை ஏறி எறங்குன வண்டி அடிபடாதுங்க. எங்கப்பாரு காலத்துல இருந்து வழக்கம்" என்று சொல்லிவிட்டேன். எங்கப்பா எருமை வளர்த்தவர். எடை மேடையைக் கண்ணால் கண்டதில்லை.

அவர் ஏறினார். எடைச் சீட்டைக் கண்ணில் ஒற்றி முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். அடுத்த அமாவாசைக்கு அவரோடு நாலு பேர். பிறகு எனக்கே தெரியாது, பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் வந்தார்கள். சரக்கு இருக்காது, காலி வண்டி வரும், சீட்டு வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகும். மெஷினுக்கு எல்லாம் ஒரே வண்டிதான். நீ சீட்டு எண்ணிக்கை கேட்டாய், மெஷின் சொன்னதை அனுப்பினேன்.

குட்டித் தாவலும் நான்தான். திருச்சூர் மர லாரி ஓட்டுகிற ஸ்ரீஜித் ஒரு நாள் வரிசைக்கு வெளியே தயங்கி நின்றான். "சேச்சி, கறுத்த வாவு ஞங்ஙளுக்குச் சரியாவில்ல" என்றான். மலையாளிகளுக்குப் பௌர்ணமியும் செல்லும் என்று அந்த இடத்திலேயே சட்டத்தைத் திருத்தினேன்.

நீ தேதிகளைப் போட்டபோதே லேசாக உறைத்தது, நிலா என்று எழுதியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தென்சீனக் கடலில் அடிக்கிற நாடி என் வாய். அப்புறம் ஒப்பந்தம், விசா என்று எழுதினாய், சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லத் தைரியம் வராமல் முறுக்கைச் சாக்கு வைத்தேன். அழைப்பிதழ் அச்சானதைப் படித்தபோதுதான் இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று பட்டது.

வீட்டுக்காரருக்கும் இது தெரியாது. அவரும் சீட்டு செருகிக்கொண்டுதான் இடுக்கித் தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றிப் போகிறார். போன வருஷம் போடிமெட்டு மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்காமல் போய் எப்படியோ தப்பி வந்தவர், வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தச் சீட்டைத்தான் கும்பிட்டார். நான் பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். என்னைவிட மோசமானவளை நீ பார்த்திருக்கிறாயா?

மருதா


சிங்கப்பூர்
9 நவம்பர் 2025

களக் கணக்கர் எண் 17 அவர்களுக்கு,

உங்கள் 30 அக்டோபர் தேதியிட்ட குறிப்பு கிடைத்தது.

மூன்று நாள் நான் அதை யாருக்கும் காட்டவில்லை. மொழிபெயர்க்கும் பெண்ணிடம், இந்த வாரம் வெறும் ஊர்வம்பு, விட்டுவிடு என்று சொன்னேன். இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், ஒருத்தி வாளையாரில் இருக்கிறாள் என்று யோசித்தேன். அப்படி யோசித்தேன் என்பதை உங்களுக்குத் தெரிவிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் மட்டும்தான் மோசமானவர் என்ற பெருமையை உங்களுக்கு மொத்தமாகக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் உங்கள் சொல்லை நான் எப்படி ஏற்பது? ஆறு வருஷம் டிரைவர்களிடம் பொய் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதுவும் பீற்றலாக இருக்கலாம். ஆசியாவை நான்தான் ஆட்டிவைத்தேன் என்று சொல்லிக்கொள்வது உங்களுக்குப் பிடிக்காத காரியம் அல்ல.

ஆகவே ஒரு சோதனை. வருகிற அமாவாசை அன்று மேடையைப் பூட்டுங்கள். ரோட்டோரம் உட்கார்ந்து, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை இரு பக்கமும் போகிற, சரக்கு ஏற்றிய லாரிகளை மட்டும் எண்ணுங்கள், காலி வண்டி வேண்டாம். மறுநாளும் அதே மாதிரி. அமாவாசையன்று ரோட்டிலும் வண்டி கூடினால் என் விளக்கம் பிழைக்கும். கூடாவிட்டால் செத்தது. குப்பண்ணனின் மேடையில் எத்தனை ஏறின என்றும் வேண்டும்.

எனக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாம். எண்ணிக்கை வேண்டும்.

பத்மப்ரியா


வாளையார்
23 நவம்பர் 2025

பத்மப்ரியா அவர்களுக்கு,

நீங்கள் என்று எழுதினால் நானும் எழுதுவேன். ஆனால் இரண்டாவது வரியிலேயே எனக்குக் கை வலிக்கிறது. திட்டுவதாக இருந்தால் நீ என்றே திட்டு.

முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரோட்டில் போகிறவனுக்கு உண்மை தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. காலை டீயைக் கையில் கொடுத்துவிட்டு, எருமை வளர்த்த அப்பாவிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். டீயை முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை, பயந்துவிட்டேன். லாரிக்குப் போய் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து சோறு, தண்ணி, சாவி, இவ்வளவுதான் பேச்சு.

சோதனைக்கு வருகிறேன். மேடைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். இளநீர் விற்கிற அழகுத்தாயைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். கோயமுத்தூர்ப் பக்கம் போவது அவள், பாலக்காட்டுப் பக்கம் வருவது நான். பத்து வண்டிக்கு ஒரு புளியங்கொட்டை. அமாவாசையன்று 3,118. மறுநாள் 3,140. மறுநாள்தான் இருபத்திரண்டு கூட. ரோடு அசையவே இல்லை பத்மா. உனக்காக ஒரு பத்தாவது கூடாதா என்று அமாவாசையன்று கடைசி ஒரு மணி நேரம் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். பஸ்ஸைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூட ஆசை வந்தது. சேர்க்கவில்லை. அழகுத்தாய் சாட்சி.

சீட்டுக்கு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னேன். அந்த முதல் டிரைவரே வந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "ஆறு வருசமா என் வண்டியில ஒரு கீறல் இல்லீங்க்கா. நீங்க பொய்யுனு நெனச்சுத்தான் சொன்னீங்க, அது உங்களையும் மீறி நெசமாப் போச்சு" என்றார். வணக்கம் வைத்துவிட்டு நேராக ரோட்டைத் தாண்டிக் குப்பண்ணன் மேடையில் ஏறினார். அத்தனை பேரும் அங்கே போனார்கள். குப்பண்ணனுக்கு அன்று 402. சீட்டோடு ஓர் எலுமிச்சம்பழமும் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் என்னிடம் வந்து, "ஏனுங் மருதாத்தா, கடையச் சாத்திப்போட்டு ரோட்டுல உக்காந்திருக்கீங்க, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதுதான் எண்ணிக்கை. துடிப்பு செத்தது. பொய் சொன்னது நான், பெட்டி கட்டுவது நீயா? 'களக் கணக்கர் எண் 17 க்கு எண்ணத் தெரியாது, எல்லாத் தப்பும் அவளுடையது' என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். புள்ளியியலில் நான் வாங்கிய மார்க்கையும் சேர்த்திருக்கிறேன், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கேட்டால் அனுப்புகிறேன்.

மருதா


சிங்கப்பூர்
7 டிசம்பர் 2025

மருதா,

உன் கடிதத்தை அனுப்பாதே. நீ சரியாகத்தான் எண்ணினாய். நாங்கள்தான் வண்டி எதற்கு வந்தது என்று கேட்காமல் வண்டியை எண்ணினோம்.

கூட்டத்துக்கு முந்தின வாரமே டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். அழைப்பிதழ் போய்விட்டது, நாலாம் தேதி பேசுவதைப் பேசு, ஜனவரியில் ஒரு சின்னத் திருத்தம் வெளியிடலாம் என்றார். நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். மேடையில் எட்டாவது படம் வரைக்கும் அச்சில் இருந்தபடியே பேசினேன். ஒன்பதாவது வந்ததும் உன் முழங்கையைப் பார்த்தேன். இந்த முழங்கைக்குச் சொந்தக்காரிதான் அந்தத் துடிப்பு என்று சொன்னேன். பூசணிக்காய், எருமை, ஸ்ரீஜித்தின் பௌர்ணமி, புளியங்கொட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் 3,118 ஐயும் 3,140 ஐயும் போட்டேன்.

அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தர் சிரிக்க, கூடம் முழுக்கச் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னோடு சிரித்தார்களா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு அடங்கினதும் ஒரு வங்கிக்காரர் எழுந்து, 'அப்படியென்றால் கிழக்காசியச் சந்தைகளில் அதே நாளில் அசைகிறதே, அது யார் செய்தது?' என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பத்து வருஷ வேலையில் மேடையில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல்தடவை. இறங்கி வந்தபோது எங்கள் ஆபீஸ் லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வியட்நாமில் அவள் அம்மா மளிகைக் கடை வைத்திருக்கிறாள். அமாவாசையை ஒட்டி வருகிற மாதப் பிறப்பன்று பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, முதலில் கடைக்குள் நுழைகிற ஆள் யார் என்று பார்த்துத்தான் மற்ற வியாபாரமாம். 'எங்கள் மீன் சந்தையிலும் உன் தோழி ஒருத்தி இருப்பாள்' என்றாள்.

மூன்று வருஷ நீட்டிப்பு போயிற்று. டைரக்டர் அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை கூப்பிட்டு ஆறு மாதம் கொடுத்தார். நாற்பத்தொரு வாசலுக்கும் நேரில் போய், எண்ணுகிறது என்ன, எண்ணுகிறவர் யார், வருகிறவர் எதற்கு வருகிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டி கட்டத்தான் போகிறேன், ஆனால் போகிற ஊர் நாற்பத்தொன்று.

உன்மேல் கோபம் முழுக்கப் போகலை. பாதி இருக்கிறது. புதுப் படிவம் அனுப்பியிருக்கிறேன். இனி ஒரு எண் போதாது. மூன்று கட்டம்: எடைக்கு வந்தவை, சீட்டுக்கு வந்தவை, மற்றவை. சந்தேகம் இருந்தால் டிரைவரைக் கேட்டு எழுது. உனக்குப் பிடித்த வேலைதான்.

உன் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தாரா?

பத்மா


வாளையார்
21 டிசம்பர் 2025

பத்மா,

மேடையைத் திறந்துவிட்டேன். வாசலில் ஒரு போர்டு எழுதி வைத்தேன்: 'அமாவாசைச் சீட்டுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. இங்ஙனம், உரிமையாளர்.' மலையாளத்திலும் எழுதச் சொல்லி ஸ்ரீஜித்திடம் கொடுத்தேன். அவன் அழகாக எழுதிவிட்டு, கீழே பூ வரைந்திருக்கிறான். அந்தப் போர்டின் பக்கத்தில் நின்று இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போன அமாவாசைக்குக் குப்பண்ணனிடம் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். குப்பண்ணன் சீட்டுக்கு இரண்டு எலுமிச்சம்பழமாகக் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. உடையவளே சக்தி இல்லை என்று சொல்கிற சீட்டுக்கு மவுசு அதிகமாம். இதற்கும் உங்கள் ஆராய்ச்சியில் பெயர் இருந்தால் சொல்.

இந்த வாரம்: எடைக்கு வந்தவை 951. சீட்டுக்கு வந்தவை 318. மற்றவை 6. ஆறில் நாலு பேருக்கு டாய்லெட் வேண்டியிருந்தது, ஒருவர் வழி கேட்டார், இன்னொருவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார், ஸ்ரீஜித்தைப் பார்த்துப் போக வந்தார்.

அமாவாசையன்று காலை வரிசையில் எட்டாவதாக ஒரு லாரி நின்றது. உரமூட்டை, போடிமெட்டுக்குப் போகிற வண்டி. ஏற்றின இடத்திலேயே எடை போட்டாகிவிட்டது, இங்கே ஏற அவசியமில்லை. எல்லாரையும் போல முறைக்குக் காத்திருந்து மேடையில் ஏறினார். மெஷின் சீட்டைத் துப்பியது. ஜன்னல் வழியாக நீட்டினேன். நீட்டின கையை இழுத்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் தெரியுமில்லீங்க?" என்று கேட்டேன்.

"தெரியும். குடு" என்றார்.

வாங்கி, முருகன் படத்துப் பக்கமே திரும்பாமல், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். போடிமெட்டு ஏறி இறங்கினதும் போன் செய்தார், இறங்கிவிட்டேன் என்று. இதற்குமுன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அந்த வண்டி எடைக்கு வரவில்லை. சீட்டை நம்பியும் வரவில்லை. 'மற்றவை' யில் டாய்லெட்காரர்களோடு சேர்க்க எனக்கு மனசு இல்லை. உங்கள் டைரக்டரிடம் சொல்லி நாலாவதாக ஒரு கட்டம் போடச் சொல். அதுவரைக்கும் நான் அனுப்புகிற எண்ணிக்கையில் ஒரு லாரி குறையும்.

மருதா